புதையல் தேடும் மலைப்பயணம்

நுழையும் முன்

பழங்கதைகளில் புதையலைத் தேடுவோர் கையில் வரைபடம் இருக்கும். இக்காலத்தில் புதையல் தேடுவோர் கையில் சிறு கருவி இருக்கிறது. மலைக்காட்டில் அக்கருவி மட்டும் போதுமா? படித்து அறிவோம்.

பாடம்

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சில சுற்றி வருகின்றன. அவற்றுள் குறைந்தது நான்கின் குறிப்பலைகளைப் பெற்றால், ஜி.பி.எஸ். எனப்படும் புவியிடங்காட்டி நாம் நிற்கும் இடத்தைக் கணித்துவிடும். பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பலைகளில் அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000 மே 2 அன்று அப்பிழை நீக்கப்பட்டது.

மறுநாளே, ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். நூல்களும் கவண் ஒன்றும் வேறு சில பொருள்களும் அதில் இருந்தன. இடத்தைக் குறிக்கும் எண்களை மட்டும் இணையத்தில் அறிவித்தார். மூன்று நாள்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்தனர். இவ்வாறு பிறந்த விளையாட்டே ‘ஜியோகேச்சிங்’.

புதையல் என்று கூறினாலும், பெட்டியை மண்ணில் தோண்டிப் புதைத்தல் கூடாது. நீர் புகாத பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். கண்டெடுத்தவர் அதில் தம் பெயரையும் நாளையும் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான வேறொன்றை வைப்பார். உணவுப்பொருளை வைத்தல் ஆகாது; அதன் மணம் விலங்குகளை ஈர்க்கும்.

இவ்விளையாட்டில் எண்களைப் பிழையின்றி எழுதுதல் இன்றியமையாதது. அட்சக்கோட்டில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1,852 மீட்டர். நிமிடத்தை அடுத்து மூன்று தசம எண்கள் எழுதப்படும். அவற்றுள் இறுதி எண்ணில் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூடத் தவறாது. முதல் எண்ணில் ஒன்று மாறினாலோ 185 மீட்டர் தவறும். மலையில் அத்தொலைவு ஒரு பள்ளத்தாக்கின் மறுகரையாகவும் இருக்கலாம்.

ஓரிகனில் உயர்ந்து நிற்பது ஹூட் மலை. 3,429 மீட்டர் உயரமுள்ள இவ்வெரிமலையின் மேல் பனியாறுகள் உள்ளன; சரிவுகளில் ஊசியிலைக் காடுகள் அடர்ந்துள்ளன. இத்தகைய மலையில் கருவியின் அம்புக்குறி நேர்கோட்டையே காட்டும். இடையில் செங்குத்துப் பாறை இருப்பதை அது அறியாது. காலையில் எளிதாகக் கடந்த ஓடை, வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் பெருக்கெடுக்கும். குறுகிய பள்ளத்தாக்குகளில் குறிப்பலைகள் பாறையில் மோதித் திரும்புவதால், கருவி காட்டும் இடமும் தவறலாம். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இங்கு உயிர்காக்கும் அறிவுரை ஆகிறது.

ஆகவே, தேர்ந்தவர்கள் காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் உடன் கொண்டு செல்வர். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிவிட்டுப் புறப்படுவர். குறித்த நேரம் வந்தால், பெட்டி 50 மீட்டர் தொலைவில் இருப்பினும் திரும்பிவிடுவர். பெட்டி நாளையும் அங்கேயே இருக்கும்.

1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஹூட் மலையின் ஒரு பகுதி இயற்கை நிலையிலேயே காக்கப்படுகிறது. அத்தகைய பகுதிகளில் பெட்டிகளை விட்டுச்செல்ல இசைவில்லை. அங்குத் தேடுவோர்க்கு ஏற்றது, 2004 முதல் நடைபெறும் ‘எர்த்கேச்’. இதில் பெட்டி இல்லை. குறித்த இடத்தை அடைந்து, பாறையையும் நிலத்தையும் உற்றுநோக்கி, வினாக்களுக்கு விடை கூற வேண்டும். அங்கு மலையே புதையல்.

சொற்பொருள்

குறிப்பலை – செய்தியைத் தாங்கி வரும் அலை
கவண் – கல் எறியும் கருவி
ஈடான – சமமான
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. பெட்டியில் உணவுப்பொருளை ஏன் வைக்கக் கூடாது?
2. கருவி காட்டும் நேர்வழியில் நடப்பது மலையில் ஏன் ஆபத்தானது?
3. பிரித்து எழுதுக: பள்ளத்தாக்கு, இவ்வெரிமலை, பெருக்கெடுக்கும்.
4. ‘பெட்டி நாளையும் அங்கேயே இருக்கும்’ – இத்தொடர் உணர்த்தும் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. நீங்கள் வாழும் ஊர், உங்கள் பெற்றோரின் சொந்த ஊர் ஆகியவற்றின் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு ஆகியவற்றை நிலப்படத்தில் கண்டு எழுதுக.