அணையின் அடிமண் கணக்கு

தண்ணீரை டெஸ்ட் செய்து 'நன்று' என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் அணையும் நன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான்.

நம் தென்பெண்ணையையே எடுத்துக்கொள்வோம். நந்தி மலையில் பிறந்து, பெங்களூர்ச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே நுரை பொங்கும் போட்டோவைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அடுத்தது கிருஷ்ணகிரி அணை. 2004 வரை அதுவும் நம் தருமபுரி மாவட்டம்தான். பிறகு இருமத்தூர் வழியாகச் சாத்தனூர் போகிறது. நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சோப்புச் சங்கதி. ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாம் நுரைக்காது. சத்தமில்லாமல் அடியில் போய் உட்காரும்.

எப்படி? ஆற்றின் வேகம் அணையில் அடங்கியதும் மிதந்து வந்த களிமண் துகள் படிகிறது. உலோகம் அந்தத் துகளோடும், இரும்பு ஆக்சைடோடும், மக்கோடும் ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. கீழே பழசு, மேலே புதுசு. குழாயை நேராக இறக்கி, மண் கலையாமல் எடுத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக நறுக்கி, ஆசிட்டில் கரைத்து அளக்கிறார்கள். அடுக்கின் வயதைச் சொல்ல ஈயம்-210 (அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு) உதவுகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சத்துக்குப் போன சீசியம்-137 இன்னொரு அடையாளம்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மணல் அடுக்கைவிடக் களி அடுக்கில் உலோகம் இயல்பாகவே அதிகம். அதைப் பார்த்து 'மாசு கூடிவிட்டது' என்று எழுதினால் தப்பு. அலுமினியத்தோடு விகிதம் போட்டுப் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து வரும் உலோகத்தைக் கழிக்க அடியிலுள்ள பழைய அடுக்குதான் அளவுகோல்.

சரி, உட்கார்ந்தது அங்கேயே கிடக்குமா? கிடக்காது. ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு ஆக்சைடு கரைந்து, தான் பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடும். சல்பைடாக அடங்கிக் கிடக்கும் காட்மியமோ காற்றுப் பட்டால்தான் கிளம்பும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணை ஷட்டர் உடைந்து தண்ணீரைக் குறைத்தார்களே, அதுபோல வண்டல் வெளியே தெரியும் நேரத்தைத்தான் சொல்கிறேன்.

அதே 2017-ல்தான் ஏரி, அணை வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்தது. வண்டல் அடித்தால் விளைச்சல் கூடும் என்பது நம் அப்பாக்களுக்குத் தெரியும், அது பொய்யுமில்லை. ஆனால் எந்த நீர்நிலை வண்டல் என்று யார் கேட்கிறோம்? எங்கள் வீட்டு மண்வள அட்டையை எடுத்துப் பார்த்தேன். தழை, மணி, சாம்பல், துத்தநாகம், போரான் என்று 12 கட்டம் இருக்கிறது. காட்மியத்துக்கோ ஈயத்துக்கோ ஒரு கட்டம்கூட இல்லை.