கேன்சர் ஆபரேஷனுக்குப் பின் பெரியவர்களின் கால் பலம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கட்டியை எடுத்தாகிவிட்டது, தையலும் ஆறிவிட்டது. ஆனால் பாத்ரூம் போகவே துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் இதுதான் நிலைமை. நோய் எதுவும் இல்லாத முதியவர்களே 10 நாள் படுத்த படுக்கையாக இருந்ததில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்தது ஆய்வில் தெரியவந்தது. உங்கள் அப்பாவோ அம்மாவோ வீடு திரும்பியிருந்தால் இன்றே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

- எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆபரேஷனுக்கு ஆபரேஷன் இது மாறும்.
- வீட்டுக்குள்ளேயே ஐந்தைந்து நிமிடமாகப் பல முறை நடக்க வையுங்கள். ஒரேயடியாக நடந்தால் மறுநாள் எழ மனம் வராது.
- கைப்பிடி நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். தொடைத் தசைக்கு நல்ல வேலை. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடட்டும்.
- மூன்று வேளையும் முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் என ஏதாவது புரோட்டீன் கொடுங்கள். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தேவை. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். கிட்னி கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும்.
- வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலி இருந்தால் நடக்க மாட்டார்கள்.
- வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தொடர்ந்து இறங்கினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

- டாக்டர் சொன்ன நாட்களைத் தாண்டியும் கஞ்சி, ரசம் சாதம் என்றே ஓட்டாதீர்கள். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் சேராது.
- சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். எழுந்து வந்து சாப்பிடுவதும் பயிற்சிதான்.
- வயிற்றில் ஆபரேஷன் என்றால் தண்ணீர்க் குடத்தையோ பேரக்குழந்தையையோ தூக்க விடாதீர்கள். தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கலாம். டாக்டர் அனுமதிக்கும் வரை பொறுங்கள்.
- பாத்ரூம் தரையை ஈரமாக விடாதீர்கள். பலமிழந்த கால் சட்டென்று வழுக்கும்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.
- திடீர் மூச்சுத்திணறலையோ நெஞ்சுவலியையோ வெறும் அசதி என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.