அரை மில்லிமீட்டர்

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய 45 நம்பர் மெஷினின் கிராங்க்கேஸ், 45.2 போர் சிலிண்டர் கிட், எதிலோ கழற்றிய பெரிய கார்பரேட்டர், இன்னொரு மெஷினின் கிளட்ச் டிரம். நாலையும் சேர்த்து ஒரு செயின்சா கட்டினால் கருவேல வேரைக்கூட விடாது என்கிறாய். கட்டலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்தச் சாமான்களின் பூர்வீகத்தைப் பார். 2017-இல் ஐகோர்ட் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது நம் சிவகங்கைப் பக்கம் கோடாலி பிடித்தவர்கள் செயின்சாவுக்கு மாறினார்கள். அடுத்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ரோட்டில் கிடந்த மரத்தை அறுக்க மெஷின் கிடைத்தால் போதும் என்று கிடைத்ததை எல்லாம் வாங்கினார்கள். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியதும், செம்மண் படிந்த ஃபில்டரைத் தட்டாமல் ஓட்டியதுமாகப் பல மெஷின்கள் பிஸ்டன் பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நீ எடை போட்டு வாங்கி வந்திருப்பது அவற்றைத்தான். ஒவ்வொரு பார்ட்டும் ஏதோ ஒரு நோயில் செத்த மெஷினிலிருந்து வந்திருக்கிறது. எந்த நோய் என்று தெரியாமல் மாட்டினால் அது உன் மெஷினுக்கும் வரும்.

அடுத்தது சிசி. ஸ்டிக்கரில் 58 என்று போட்டிருந்தால் நம்பிவிடாதே. வெர்னியரை எடுத்துப் போரையும் ஸ்ட்ரோக்கையும் நீயே அள. போர் 45.2, ஸ்ட்ரோக் 34 என்று வந்தால் கணக்கு 54.6 சிசிதான். பாலிடெக்னிக்கில் படித்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்ட் கடையில் கிடைக்கும். ஒரு பார்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது கடையில் கிடைக்காது. கம்பெனியில் கட்டிய மெஷினில் அந்தக் கணக்கை யாரோ போட்டு முடித்திருப்பார்கள். கலப்பு மெஷினில் அது உன் வேலை. பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது அதன் தலைக்கும் சிலிண்டர் கூரைக்கும் ஓரத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது? கிட்டை மாட்டிய அன்றே அதைத்தான் பார்க்க வேண்டும். ரேடியோ ரிப்பேர்க்காரர் வைத்திருக்கும் ஈயக்கம்பியில் 1.5 மில்லி தடிமனானதை வாங்கு. நுனியை வளைத்துப் பிளக் ஓட்டை வழியாக விட்டு, அது சிலிண்டர் சுவரைத் தொட்டதும் கையால் ஃபிளைவீலைச் சுற்று. நசுங்கிய நுனியை வெர்னியரில் பிடி. கட்ஜன் பின் ஓடும் திசையில் இடமும் வலமும் இரண்டு தடவை எடு. மற்ற திசையில் பிஸ்டன் ஆடும், அளவு பொய் சொல்லும். 1 மில்லி காட்டினால் கம்ப்ரஷன் வீணாகிறது. அடிப் பேக்கிங்கை எடுத்துவிட்டுச் சூடு தாங்கும் சீலன்ட் தடவி உட்கார வைத்தால் அரை மில்லிக்கு வரும். அதோடு நிறுத்து. 12,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் வினாடிக்கு 200 தடவை மேலே போய்த் திரும்புகிறது. அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு ஒரு மயிரிழை நீளும், பேரிங்கில் உள்ள ஆட்டமும் சேரும். 0.3 வைத்தால் ஒரு நாள் பிஸ்டன் கூரையில் முட்டும்.

பேக்கிங்கை எடுத்ததும் இன்னொரு காரியம் நடக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. சிலிண்டர் அரை மில்லி கீழே இறங்கினால் போர்ட்களும் சேர்ந்தே இறங்கும். எக்ஸாஸ்ட் சுமார் 2 டிகிரி தாமதமாகத் திறக்கும், இன்டேக் சீக்கிரம் திறக்கும். டிகிரி தட்டைக் கிராங்கில் மாட்டிப் பார்க்காமல் போர்ட்டில் அரம் வைக்காதே. எக்ஸாஸ்ட் திறந்து சுமார் 20 டிகிரி கழித்து டிரான்ஸ்ஃபர் திறந்தால் நல்லது. எக்ஸாஸ்டின் அகலம் போரில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டும். அரைத்த விளிம்பை மழுக்காமல் விட்டாலும் அதே கதிதான்.

கலப்பில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பிஸ்டன். போர் ஒன்று, கட்ஜன் பின் சைஸ் ஒன்று, ஆகவே பொருந்தும் என்று நினைப்பாய். ரிங் காடிக்குள் ஒரு குட்டி ஆணி இருக்கிறதே, ரிங்கின் இரண்டு முனையும் சந்திக்கும் இடம், அது எந்தப் போர்ட் மேலும் போகக் கூடாது. வேறு சிலிண்டருக்குச் செய்த பிஸ்டனில் அந்த ஆணி இன்டேக்குக்கு நேராக வந்து நிற்கலாம். வந்தால் ரிங் முனை துள்ளி வெளியே வந்து உடையும், சிலிண்டரையும் கிழித்துவிடும். டார்ச் அடித்துப் போர்ட் வழியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றினால் தெரிந்துவிடும். இன்னொன்று, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எக்ஸாஸ்ட் வழியாக எட்டிப் பார். பாவாடைக்குக் கீழே கிராங்க்கேஸ் தெரிந்தால் அந்தப் பிஸ்டன் குட்டை, உனக்கு உதவாது. என்ன செட்டிங் பண்ணினாலும் அது சீராக ஓடாது.

நான் ஆர்எக்ஸ் 100-இல் வேலை பழகியவன். 50 போர், 50 ஸ்ட்ரோக், 98 சிசி, 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரை. 1985-இல் வந்து 1996-இல் நின்ற வண்டிக்கு இன்றும் செட்டிநாட்டில் கிராக்கி குறையவில்லை. அதன் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர் உண்டு. தேய்ந்தால் லேத்தில் கொடுத்து ஓவர்சைஸ் போர் போட்டுப் புதுப் பிஸ்டன் போடலாம். அந்தப் பழக்கத்தில் செயின்சா சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு லேத்துக்கு ஓடாதே. அதில் அலுமினியத்தின் மேல் மெல்லிய முலாம்தான், குரோமியமோ, சிலிக்கன் கார்பைடு கலந்த நிக்கலோ. போர் போட்டால் முலாம் போச்சு. பிடித்த சிலிண்டரில் ஒட்டியிருக்கும் பிஸ்டன் அலுமினியத்தை மட்டும் பஞ்சில் நனைத்த ஆசிட்டால் கரைக்கலாம். வெளியில் வைத்து, கையுறை போட்டுச் செய், போர்ட் பக்கம் ஆசிட் வழியவிடாதே. ஒட்டியது கரைந்ததும் நுரை அடங்கும். அடங்காமல் பொங்கிக்கொண்டே இருந்தால் முலாம் கிழிந்து அடி அலுமினியம் கரைகிறது என்று அர்த்தம், சிலிண்டரைத் தூக்கிப் போடு. இந்த நிக்கல் முலாம் ஒரு மின்வேதியியல் வித்தை. அந்த இயலுக்கென்றே அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. அந்தச் சிக்ரி வாசல் வழியாகத்தானே தினம் போய் வந்தாய்?

எல்லாம் மாட்டியாயிற்று, உடனே கயிற்றை இழுத்துவிடாதே. காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மெஷினில் ஆயில் சீல் காய்ந்து கிடக்கும், அதில் புகும் காற்று பெட்ரோல் கலவையை வறளச் செய்யும், பத்து நிமிஷத்தில் புதுப் பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் உரிந்துவிடும். சைக்கிள் டியூபை வெட்டி இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடை, இம்பல்ஸ் ஓட்டையையும் மறக்காதே. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பிளக் ஓட்டையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பல்பையும் மீட்டரையும் இணைத்து அமுக்கு. மீட்டரில் உச்சம் 300 இருக்குமே, அது 0.4 பார். முள் அரை நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழி வரும் இடம் சொல்லிவிடும். பிறகு 50 மில்லி சிரிஞ்சை மாட்டி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, இருபது வினாடி பிடித்திருந்து விடு. தண்டு பழைய இடத்துக்கே ஓடி வந்தால் சரி. அமுக்கத்தில் தாங்கும் சீல் உறிஞ்சலில் விட்டுவிடுவது உண்டு, அதனால் இரண்டையும் செய்.

பெரிய கார்பரேட்டர் வேண்டாம், ஒரிஜினலே போதும். காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு. சைலன்சர் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் காசில்லாமல் பவர் கிடைக்கும். ஆனால் அதன் வலையைப் பிடுங்காதே, சித்திரையில் இளையான்குடிப் பக்கம் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். வாயை அகலப்படுத்தினால் கார்பரேட்டரின் எச் ஸ்க்ரூவைத் திறந்துவிட வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்காகவும் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும். மரம் தொடாமல் முழுசாக முறுக்கினால் சத்தம் லேசாகத் தடுமாறி, நாலு ஸ்ட்ரோக் வண்டி மாதிரி கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். முறுக்கும்போதே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் வறண்டு ஓடுகிறது, உடனே நிறுத்து. இதற்குக் காது போதும், ஆனால் முதல் தடவை ஆர்பிஎம் மீட்டரோடு ஒத்துப் பார்த்துக்கொள். முதல் இரண்டு டேங்குக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில். கலந்த பெட்ரோலை மாசக்கணக்கில் வைத்திருக்காதே. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிடு, இல்லாவிட்டால் டயஃப்ரம் விறைத்துப்போகும்.

கலக்கக் கூடாதது ஒன்று உண்டு. செயின், பார், ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே பிட்ச் இருக்க வேண்டும். 325 பிட்ச் செயினை 3/8 ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டுகிறவனை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கிளட்ச் டிரம் எதிலிருந்து வந்தது? அதன் மேல்தான் செயின் பிரேக்கின் பட்டை பிடிக்கிறது. விட்டம் அரை மில்லி மாறினாலும் பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். பழைய பர்மாத் தேக்கு அறுக்கப் போனால் உள்ளே ஆணி இருக்கும், பார் நுனி எகிறும், அந்த நேரத்தில் உன் முகத்தைக் காப்பாற்றுவது அந்தப் பட்டை ஒன்றுதான். டிரம் மட்டும் புதிதாக, அந்த கிராங்க்கேஸுக்கு உரியதாக வாங்கு. காசு இல்லையென்றால் சொல், நான் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினைச் சைலன்சர் மாட்டாமல் எடுத்து வா. டிகிரி தட்டும் ஈயக்கம்பியும் என்னிடம் இருக்கின்றன. வரும் வழியில் மெடிக்கலில் ஒரு பிபி பல்பு வாங்கிக்கொள். என்னிடம் இருந்ததை அத்தை பிபி பார்க்க எடுத்துக்கொண்டாள், திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா