எட்டுக் கோடியை வாங்குவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பனியன் கம்பெனிகளையும் ஜாப்வொர்க் யூனிட்டுகளையும் இணைக்கிற உன் செயலிக்குப் பெங்களூரு முதலீட்டுக்காரர்கள் எட்டுக் கோடி தருகிறார்களாம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். செயலி வழியாக இன்னும் ஒரு ஆர்டர்கூட முடியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். நானும் மறைக்காமல் சொல்கிறேன்: இப்போதைக்கு வாங்காதே.

பணம் போடுகிறவருடைய கணக்கை முதலில் புரிந்துகொள். அவர் முப்பது கம்பெனிகளில் போடுவார். இருபது முழுகிப்போனாலும், ஒன்றிரண்டு ஐம்பது மடங்கு வளர்ந்தால் மொத்தமும் தேறிவிடும். அவருக்கு அது நியாயமான கணக்குதான். ஆனால் வருஷத்துக்கு ஐம்பது லட்சம் லாபம் தருகிற நல்ல சின்னத் தொழிலுக்கு அதில் இடமில்லை. அவருக்கு முப்பது கம்பெனி; உனக்கு இருப்பது ஒன்றுதான்.

நம் தொழிலை ஒட்டியே நடந்த கதை ஒன்று உண்டு. சிங்கப்பூரின் ஜிலிங்கோ என்ற கம்பெனி 2015-இல் தொடங்கியது. தென்கிழக்காசியச் சிறு வியாபாரிகளின் துணிமணிகளை இணையத்தில் விற்பதுதான் முதல் வேலை. பிறகு ஆடைத் தொழிற்சாலைகளையும் வாங்குவோரையும் இணைப்பது, கடன் ஏற்பாடு செய்வது, அமெரிக்காவுக்குப் போவது என்று விரிந்துகொண்டே போனது. 2019 பிப்ரவரியில் ஒரே சுற்றில் 22.6 கோடி டாலர் திரட்டியது. பணம் போட்டவர்கள் செக்கோயா, டெமாசெக் போன்ற பெரிய கைகள். கம்பெனியின் மதிப்பு 97 கோடி டாலர் என்று பேசினார்கள். 2022-இல் கணக்குகள் பற்றிக் கேள்வி எழுந்து தலைமை அதிகாரி நீக்கப்பட்டார். தவறு செய்யவில்லை என்றார் அவர். 2023 ஜனவரியில் கம்பெனி கலைப்புக்குப் போனது. யார் சரி, யார் தப்பு என்பது கிடக்கட்டும். ஒரு வழி கால் ஊன்றுவதற்குள் அடுத்த வழிக்குத் தாவ அத்தனை பணம் இடம் கொடுத்ததுதான் என்னை உறுத்துகிறது.

மென்பொருளாக உன் செயலி ஓடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை; சந்தேகமெல்லாம் தொழிலைப் பற்றித்தான். ஒரு டி-ஷர்ட் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனை கை மாறுகிறது என்பது உனக்கே தெரியும். பாடி துணி ஒரு லாட், கழுத்து ரிப் இன்னொரு லாட். கட்டிங்கில் வித்தியாசம் கண்ணில் படாது. தைத்து முடித்துச் செக்கிங் டேபிளில் ட்யூப்லைட்டுக்கு அடியில் விரித்தால் கழுத்து மட்டும் லேசாகச் சிவப்பேறித் தெரியும். ஆயிரம் பீஸ் அப்படியே நின்றுவிடும். சாயப்பட்டறைக்காரர் நூலைக் கைகாட்டுவார், யூனிட்காரர் சாயத்தைக் கைகாட்டுவார். இன்றைக்கு அதை டெபிட் நோட் போட்டு, பாதிக்குப் பாதி பேசி, பல வருஷப் பழக்கத்தில் முடித்துக்கொள்கிறோம். உன் செயலியில் சந்திக்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அந்த டெபிட் நோட்டை யார் பேரில் போடுவாய்? பழகியபின் அடுத்த ஆர்டரைப் போனிலேயே பேசிக்கொண்டால் உன் கமிஷன் எங்கே?

இதற்கெல்லாம் விடை தெரிய எட்டுக் கோடி வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து யூனிட், ஒரு சீசன், சில லட்சம் ரூபாய் போதும். பெரிய பணம் வந்தால், இந்த மாதம் எத்தனை யூனிட் சேர்ந்தது என்றுதான் கேட்பார்கள். நீயும் கமிஷனை விட்டுக்கொடுத்து, நஷ்டத்தை உன் தலையில் போட்டுக்கொண்டு எண்ணிக்கை காட்டுவாய். சும்மா கொடுக்கும்வரை எல்லோரும் வருவார்கள். காசு கொடுத்து வருவார்களா என்பது பணம் தீர்ந்த பிறகுதான் தெரியும்.

இதற்கு மாறாக, சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியைப் பார். சரக்கை வெளியிட்டு, வாடிக்கையாளர்கள் பணம் கட்ட ஆரம்பித்த பிறகே 2011-இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வாங்கினார்கள். பெரிய தொகைகள் பின்னால் வந்தன. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

பெரிய முதலீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நம் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடாத சுத்திகரிப்புக்குக் கோடிகோடியாகக் கொட்ட வேண்டியிருந்தது. அதைச் சின்னதாகச் செய்து பார்க்க வழியில்லை. தேவையும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றது. உன் விஷயம் அப்படியல்ல.

முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் வந்துவிட்டதென்றால், கம்பெனியை விற்றால் யாருக்கு முதலில் பணம் என்று சொல்லும் பிரிவைத் தேடிப் படி. இருபது சதவீதப் பங்குதானே கொடுக்கிறோம் என்று நினைப்பாய். ஆனால் போட்ட பணம் முழுவதும் தனக்கே முதலில் என்று அவர் எழுதியிருந்தால், கம்பெனி ஏழு கோடிக்கு விலைபோகும் நாளில் ஏழும் அவருக்குத்தான். கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தை நம் ஆடிட்டரிடம் காட்டு.

முதல் பத்து யூனிட்டில் நம்முடையதையும் சேர்த்துக்கொள். ஷேடு மாறினால் நஷ்டம் யாருடையது என்பதற்கு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி எடுத்துக்கொண்டு வா. உட்கார்ந்து வரிவரியாகப் பேசலாம்.

அன்புடன்,
மாமா