மண்ணீரலை விடுங்கள், ரத்தக்குழாயைப் பாருங்கள்

சித்தப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம் என்று தெரிந்ததும், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிற சொந்தபந்தமெல்லாம் கேட்டது ஒன்றுதான்: “மண்ணீரல் வீக்கம் கரைய மருந்து இருக்கா?” கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மண்ணீரலின் பின்னால் ஓட வேண்டாம். கல்லீரல் இறுகிப்போனால் அதற்குள் போக வேண்டிய ரத்தம், மடை அடைத்த கண்மாய்த் தண்ணீர்போலப் பின்னால் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில்தான் மண்ணீரல் பெருக்கிறது, தட்டணு குறைகிறது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன. உயிரைப் பறிப்பது அந்தப் புடைப்பு வெடிப்பதுதான்.

தட்டணு 1.5 லட்சத்துக்குக் கீழே இருந்தால் எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். புடைப்பு பெரிதாக இருந்தால் அதன் கழுத்தில் சின்ன ரப்பர் வளையம் மாட்டுவார்கள். ஒரே தடவையில் முடியாது. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, மறையும்வரை போட வேண்டும். வளையம் உதிரும்போது அந்த இடம் புண்ணாக இருக்கும். முதலில் ஆறிய கஞ்சி, பிறகு குழைய வடித்த தயிர்சாதம். சாத்தூர் காராச்சேவு பக்கமே போகக்கூடாது; உப்பும் ஆகாது, கரகரப்பும் ஆகாது.

இரண்டாவது வளையத்துக்கு அப்புறம் சித்தி, “நல்லாத்தானே இருக்காக, திரும்ப எதுக்கு?” என்றார்கள். பல வீடுகளில் சிகிச்சை நின்றுபோவது இந்த இடத்தில்தான். வலி இல்லை என்பதால் புடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. மறைந்த பிறகும் திரும்ப வரும். மருத்துவர் சொன்ன மாதத்தில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

அழுத்தம் குறைய புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்லோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்துப் பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் கொடுக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள். நேராக மதுரைக்கே போய்விடலாம் என்று காரை எடுக்காமல், உள்ளூர் அரசு மருத்துவமனையில் டிரிப் ஏற்றி, ரத்தக்கசிவை அடக்கும் ஊசி இருந்தால் அதையும் போட்டுக்கொண்டு, அவர்கள் அனுப்பும் ஆம்புலன்ஸில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போவது பாதுகாப்பு. 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி நடக்க வேண்டும். கடைசியாக வளையம் போட்ட தேதி, மாத்திரைப் பெயர், ரத்த வகை எழுதிய தாளும் காப்பீட்டு அட்டையும் ஒரே பையில் இருக்கட்டும்.