பாசன ஜலத்தை மின்முனைச் சில்லுகளால் பரீக்ஷித்தல்

பயிருக்குப் பாயும் ஜலம் தெளிவாயிருப்பதனாலேயே அது நன்னீர் என்று கொள்ளலாகாது. செங்கற்பட்டு மாவட்டத்தில் அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூருக்கு அண்மையில், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுந் தொழில் நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையினால் ஏற்பட்டதாகும். தோலுக்கிட்ட உப்பும் குரோமியமும் அப்பகுதியின் நிலத்தடி ஜலத்திற் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆதலின் இத்தகைய இடங்களில் கிணற்று ஜலத்தை அளந்தறியாமற் பாய்ச்சுவது நிலத்திற்குக் கேடாகும்.

இவ்வளவைக்கு உதவுவது மின்வேதியியல். இச்சாஸ்திரத்திற்கென்றே அழகப்பச் செட்டியாரின் நன்கொடையைக்கொண்டு காரைக்குடியில் அமைந்த மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953-ம் வருஷம் திறக்கப்பெற்றது. ஹாலந்து தேசத்துப் பெர்க்வெல்ட் என்பவர், கரைசலிலுள்ள அயனிகளை உணரும் சிலிக்கன் சில்லை 1970-ல் வெளியிட்டார். இக்காலத்தில் நகத்தளவான ஒரே சில்லில் பல மின்முனைகளை வரிசையாக அமைக்கின்றனர். ஒவ்வொன்றின்மீதும் வெவ்வேறு சவ்வு படிந்திருக்கும். ஒன்று கார அமிலத் தன்மையையும், மற்றொன்று பொட்டாசியத்தையும், வேறொன்று நைட்ரேட்டையும் உணரும். மாறாத ஒப்பு மின்முனையுடன் ஒப்பிட, மின்னழுத்த வேறுபாட்டினால் அளவு தெரியும். கார அமில எண் ஒன்று மாறினால், 25 டிகிரி சென்டிகிரேடில், சுமார் 59 மில்லிவோல்ட் மாறும்.

உப்பின் மொத்த அளவை மின்கடத்து திறன் காட்டும். அது மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் குறைந்தால் பாசனத்திற்குத் தடையில்லை. 0.7 முதல் 3 வரை எச்சரிக்கையுடன் பாய்ச்சலாம். 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குளோரைடு மிகுந்த ஜலத்தில் நைட்ரேட் மின்முனை உள்ளதற்கு அதிகமாகக் காட்டும். அதனை நம்பி யூரியாவைக் குறைத்தால் மகசூல் குறையும். இரண்டாவது, மின்கடத்து திறன் நன்றாயிருப்பினும் குரோமியம் இல்லையென்று அர்த்தமாகாது. பாசன ஜலத்தில் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இச்சிற்றளவு மின்கடத்து திறனில் தோன்றாது. ஆகவே தொழிற்சாலைகளின் அருகிலுள்ள கிணற்று ஜலத்தைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பியே தெளிய வேண்டும்.

பரீக்ஷிக்கும் முறை வருமாறு:

1. பம்பைப் பத்து நிமிஷம் ஓட்டிய பிறகே மாதிரி எடுக்கவும்.

2. சுத்தமான புட்டியை அதே ஜலத்தால் மூன்று முறை அலம்பவும்.

3. அளக்குமுன் கருவியை அளவறிந்த கரைசல்களில் வைத்துச் சரிபார்க்கவும்.

4. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் மின்கடத்து திறன் சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறுமாதலால், உஷ்ணநிலையையும் குறிக்கவும்.

கோடையிலும் மழைக்குப் பின்னும் ஒவ்வொரு கிணற்றையும் அளந்து, கிராம அதிகாரிகள் ஒரு புத்தகத்திற் பதிந்து வருவது நலம். ஒருநாள் அளவு அன்றைய நிலையை மாத்திரமே காட்டும். பல வருஷத்துப் பதிவே கிணறு கெட்டுவருவதைக் குடியானவருக்கு முன்கூட்டி அறிவிக்கும். உப்பேறிய நிலத்தைத் திருத்துவதைக் காட்டிலும் ஜலத்தை அளப்பது எளிது.