4கே வீடியோ: கேமராவுக்குள் என்ன நடக்கிறது?

நிக்காஹ் வீடியோவுக்கு விலை விசாரித்தால், "4கே-வா, சாதாரணமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தத் தொழிலைக் கற்று, கடன் வாங்கிக் கேமரா வாங்க நினைக்கும் நம் பிள்ளைகளும் அந்தச் சொல்லைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் 4கே என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே சொல்லும். அந்தப் புள்ளிகள் தெளிவாகப் பதிந்து, பத்திரமாக நம் கைக்கு வருவது வேறு சில விஷயங்களைப் பொறுத்தது.

புள்ளிக் கணக்கு

ஃபுல் எச்டி படத்தில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே வீடியோவில் 3840, 2160. அதாவது சுமார் 83 லட்சம். சரியாக நான்கு மடங்கு.

சென்சார்

லென்ஸ் வழியாக வரும் ஒளி சென்சார் என்ற சில்லின் மீது விழுகிறது. சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90 போன்ற கையடக்கத் தொழில்முறை கேமராக்களில் 'ஒரு அங்குல' வகை சென்சார் உண்டு. பெயர்தான் ஒரு அங்குலம். உண்மையில் சுமார் 13 மி.மீ. அகலம், 9 மி.மீ. உயரம். அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே பிடிக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்கிட்டுக்கொள்ளும். இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை புள்ளிகள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறைவு. மண்டபத்தில் வெளிச்சம் போதாவிட்டால், 4கே ஆனாலும் மணல் தூவியது போலத்தான் படம் தெரியும்.

ஜூம்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, நம் ஊரின் 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டுகின்றன. அவ்வளவு தூரத்துச் சுடரை அருகில் கொண்டுவர, லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகரும் ஆப்டிகல் ஜூம் வேண்டும். மேலே சொன்ன சோனி கேமராவில் அது 12 மடங்கு. டிஜிட்டல் ஜூம் அப்படியல்ல. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. இரண்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்டால் 83 லட்சத்தில் கால் பங்கே மிஞ்சும். காசு 4கே-வுக்கு, கிடைப்பது ஃபுல் எச்டி! மண்டபத்தின் கடைசியில் நின்று மேடையை எடுப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

சுருக்கிப் பதிதல்

நம் நாட்டில் வழக்கமாக விநாடிக்கு 25 படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்று வைத்தால், ஒரு விநாடிக்கு 62 கோடி பைட். அதை அப்படியே எழுத சாதாரண மெமரி கார்டால் முடியாது. அதனால் கேமரா முதலில் ஒரு முழுப் படத்தைப் பதிந்துகொண்டு, அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் எழுதுகிறது. மேடையின் பின்திரை அசையாமல் இருக்க, மணமகனின் முகமும் கையும் மட்டும் அசைந்தால், அந்த அசைவுதான் புதிதாக எழுதப்படும். இப்படி 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், விநாடிக்கு 1.25 கோடி பைட், அதாவது 12.5 மெகாபைட் போதும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும்.

'கிளாஸ் 10' கார்டு விநாடிக்கு 10 மெகாபைட்டுக்குத்தான் உத்தரவாதம் தரும். பதிவு பாதியில் நின்றுபோகாமலிருக்க, 30 மெகாபைட்டுக்கு உத்தரவாதம் தரும் 'வி30' அல்லது 'யூ3' குறியுள்ள கார்டையே வாங்க வேண்டும்.

விளக்கின் துடிப்பு

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நம் கண் அதைக் கவனிப்பதில்லை, கேமரா கவனித்துவிடும். ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடி அல்லது நூறில் ஒரு விநாடி என வைத்தால், திரையில் கோடுகள் ஓடாது.

கேமராக்காரரிடம் கேட்க வேண்டியவை

நிக்காஹ் இரண்டாம் முறை நடக்காது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னரே இவற்றைக் கேளுங்கள்:

1. கேமராவில் இரண்டு கார்டு போட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவீர்களா?

2. வீடியோ எங்கள் கைக்கு வரும்வரை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் இருக்குமா?

3. பெண்கள் பகுதியை யார் எடுப்பார்கள்? அந்தக் காட்சிகளை யார் யார் பார்ப்பார்கள்?

4. ஒப்படைத்த பிறகு உங்களிடமுள்ள நகல்களை அழித்துவிடுவீர்களா? எங்கள் அனுமதியின்றி எதையும் இணையத்தில் போடமாட்டீர்கள்தானே?

இதைத் தொழிலாக எடுக்கும் பிள்ளைகளும், யாரும் கேட்காமலேயே இந்த நான்குக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கார்டில் இருப்பது ஒரு குடும்பத்தின் அமானிதம்.